வெதுவெதுப்பாய் ஒரு கரிக் கித்தார்

ஜோசப்ராஜ் அண்ணன் எதையும் தட்டிப் பார்க்காமல் கடந்து போக மாட்டார். குடம், கதவு, பஸ்ஸின் கைப்பிடிக் கம்பி, பக்கத்து சீட்டுக்காரனின் டிபன் பாக்ஸ் என்று எது கைக்கு எட்டினாலும் விரலை மடக்கி ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு நொடி, பிறகுதான் அடுத்த அடி. எங்கள் சபைப் பாஸ்டர் புது ஹெல்மெட் வாங்கி வந்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது அதையும் தட்டிவிட்டு, பழைய சாமானை உருக்கி ஊற்றியது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பாஸ்டர் ஹெல்மெட் போடும்போதெல்லாம் தலையில் யாரோ குப்பைக்கூடையைக் கவிழ்த்த மாதிரியே முகத்தை வைத்துக்கொள்கிறார்.

அண்ணனுடைய தொழில் அப்படி. தாராவியில் தேரா கம்பவுண்டில் ஒரு கோடவுனில் பிளாஸ்டிக் பிரிக்கிற வேலை. குவிந்து கிடக்கும் உடைசலில் எது என்ன ஜாதி என்று தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்த்து, தனித்தனிக் கோணியில் போட வேண்டும். பகல் முழுக்கத் தட்டுகிற கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு டொக் கேட்டால் இந்தப் பக்கத்திலிருந்து நான் இரண்டு டொக் திருப்பிக் கொடுப்பேன். கொஞ்ச நாள் அதைப் பெருச்சாளி என்று நினைத்து மருந்து வைத்தார்.

அந்தச் சுவரால்தான் இந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் சபையில் கித்தார் என்றால் ஜோசப்ராஜ் அண்ணன்தான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய மரக் கித்தார். லேபர் கேம்பில் தரைவீட்டில் இருந்துகொண்டு மரக் கித்தார் வைத்திருப்பது யானை வளர்க்கிற மாதிரி. ஜூன் பிறந்தால் சுவருக்கே வேர்க்கும். தீப்பெட்டி பற்றாது, துணி காயாது, உப்பு ஜாடியில் குளம் கட்டும். கித்தாரின் வயிறு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உப்பும், கழுத்து கொஞ்சம் வளையும். ஈரத்தை இழுக்கட்டும் என்று அண்ணன் அதன் வயிற்றுக்குள் துணியில் ரேஷன் அரிசியைக் கட்டிப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் வாசிக்க வாசிக்க ஓட்டையிலிருந்து வண்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் உட்பட முன்வரிசை முழுக்க அன்று பிரசங்கம் கேட்கவில்லை.

அப்படி இழுத்துக்கொண்டு கிடந்த கித்தார் இந்த ஜூலையில் முடிந்தது. நரம்பெல்லாம் கட்டியிருக்கிற அடிக்கட்டை ஈரத்தில் பசை விட்டு, மேல்பலகையையும் பிய்த்துக்கொண்டு படாரென்று எழும்பியது. சிலிண்டர் வெடித்ததாக நினைத்து நாங்கள் தெருவுக்கு ஓடினோம்.

இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது, வேறு ஒன்று வாங்கினால் ஆயிற்று என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர்களுக்கு ஜெஸி மைனி விஷயம் தெரியாது.

ஜெஸி மைனி அண்ணனுடைய மனைவி. முன்பெல்லாம் அவர் பாட ஆரம்பித்தால் மைக்கை அணைத்துவிடலாம். போன கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கழுத்தில் மெலிசாக ஒரு கோடு மட்டும் மிச்சம். ஆனால் மேல்மாடியில் குடியிருந்த குரல் தரைவீட்டுக்கு இறங்கிவிட்டது. பொறுமையாக இருங்கள், குடிக்கிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொப்பளிக்கிற தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

மைனி பாடகர் குழுவை விட்டு நிற்கவில்லை. வழக்கமான இடத்திலேயே நின்றார். சபைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், ஈஸ்டருக்குப் பிந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குப் பின்பெஞ்சில் குனிந்துகொண்டு, அவருடைய சேலை முந்தியைப் பக்கத்தில் நின்ற, எங்கள் சபைப் பையன் சாஜனின் அம்மா சேலையோடு சேர்த்து ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் காது அவர் முதுகில் ஒட்டாத குறை. வாய் அசைகிறது, தோள் ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அடுத்த பாட்டுக்கும் அப்படியே. எல்லாரும் உட்காருவதற்கு முன் ஊக்கைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் கதை வேறு. அண்ணன் வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கித்தாரை மடியில் வைத்தால், சுவர் வழியே முதலில் அது மட்டும் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து அதற்கு அடியில், கேட்கிறதா நாமே நினைத்துக்கொள்கிறோமா என்று சந்தேகம் வருகிற மாதிரி, இன்னொரு சத்தம் சேரும். மைனியின் புதுக் குரல். கித்தார் நின்றால் அதுவும் நின்றுவிடும். அந்த நேரத்தில் மட்டும் நான் சுவரைத் தட்டியதில்லை.

கித்தார் உடைந்த பிறகு சுவர் ஊமையாகிவிட்டது. அண்ணன் சாஜனிடம் ஒரு கித்தாரை இரவல் வாங்கி வந்தார். புதுசு, எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்ட மாதிரி கணீரென்று பேசும். அண்ணன் தினமும் வாசித்தார், நான் சுவரில் காதை வைத்துக் கேட்டேன், மைனி வரவே இல்லை. அந்தக் குரல் வந்து பக்கத்தில் உட்கார ஒரு சத்தம் வேண்டும், அது மழைக்கும் தாங்க வேண்டும். அண்ணன் தேடியது இதைத்தான். வெளியே யாரிடமும் சொல்லவில்லை, மைனியிடமும் சொல்லவில்லை. இரவல் கித்தாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருக்கிற பாத்திரத்தையெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தார்.

கார்பன் என்ற பேச்சு கோடவுனிலிருந்து வந்தது. ஒருநாள் குவியலில் உடைந்த டென்னிஸ் மட்டை ஒன்று வந்தது. கன்னங்கரேல் என்று, கையில் எடுத்தால் எடையே இல்லை. அண்ணன் தட்டினார். பிளாஸ்டிக் இல்லை, தகரம் இல்லை, மரமும் இல்லை. கொளுத்தினார், உருகவில்லை. உருகாத சாமானுக்குத் தாராவியில் விலை கிடையாது. கோடவுன் சேட்டு தூக்கிப் போடச் சொன்னார், அண்ணன் வீட்டுக்குத் தூக்கி வந்து பரணில் போட்டார். மழை பாதி முடிந்து பரணைத் துடைத்தபோது பெட்டி, பாய், பைபிள் உறை எல்லாம் பூசணம் பிடித்திருக்க, மட்டை மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அன்று போனைத் தடவி, இதே சாமானில் கித்தார் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அந்த வீடியோக்களில் ஒரு வெள்ளைக்காரன் வார்ம் டோன், வார்ம் டோன் என்று வாய்க்கு வாய் சொன்னான். அண்ணனுக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. ஆனால் போனில் கேட்ட சத்தமெல்லாம் அவருக்கு பக்கெட் மூடியாகத்தான் கேட்டது. பிளாஸ்டிக் பிரிக்கிற காதை வீட்டில் கழற்றி வைக்க முடியாது இல்லையா.

பாடகர் குழு பயிற்சியில் அதைப் போய்ச் சொன்னார். குழுவுக்குத் தலைவர் ஸ்டெர்லின் அண்ணன். செம்பூரில் ஃபிளாட், பேங்கில் வேலை, கீபோர்டு வாசிப்பார். கார்பன் என்றால் கரிதானே, தொட்டால் கை கறுக்காதா என்று யாரோ கேட்க, பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கரிக் கித்தார் என்ற பெயர் அங்கேயே விழுந்துவிட்டது, நான் வைக்கவில்லை. அடுத்ததை நான்தான் வைத்தேன். ஜோசப்ராஜ் அண்ணன் தனக்கு வார்ம் டோன் உள்ளதாக வேண்டும் என்றார். வாசலில் நின்ற பாஸ்டர், வார்ம் என்றால் என்ன என்றார்.

"வெதுவெதுப்பு, பாஸ்டர்" என்றேன்.

வெளியாட்களுக்கு இது புரியாது. எங்கள் சபையில் வெதுவெதுப்பு என்றால் வசவு, பைபிளிலேயே அப்படி. ஜெபக்கூட்டத்துக்குப் பாதியில் வருகிறவன் வெதுவெதுப்பு. காணிக்கைப் பை வரும்போது செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் வெதுவெதுப்பு. அனலாக இருக்கிறவனைப் பாராட்டுவார்கள், குளிர்ந்துபோனவனுக்காக ஜெபம் செய்வார்கள், நடுவில் நிற்கிறவனுக்குத்தான் போக்கிடமே இல்லை. குழு முழுக்கச் சிரித்தது. பாஸ்டருக்கு ஹெல்மெட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், வாத்தியத்தைக்கூட வெதுவெதுப்பாகத் தேடுகிற காலம் வந்துவிட்டது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். லேபர் கேம்பில் சின்னப் பிள்ளைகள் அண்ணனைப் பார்த்து, வெதுவெதுப்பு அண்ணாச்சி, சல்யூட் என்றார்கள்.

அண்ணன் என்னை, ஏட்டி ஷைனி என்று கூப்பிட்டுத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். முந்தி மாதிரி நின்று காதைச் சாய்க்காமல், போகிற போக்கில் சுவரை ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனார். அந்த வாரமே, இனிமேல் வெதுவெதுப்பு பேச்சே கிடையாது, கடையிலேயே சத்தமாகப் பேசுகிற கார்பன் கித்தார் எதுவோ அதை வாங்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, மைனியையும் கூட்டிக்கொண்டு தாதருக்குக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, கேட்காமல் தொடாதீர்கள் என்று மூன்று பாஷையில் போர்டு. எங்கள் நனைந்த செருப்பைப் பார்த்து வாட்ச்மேன் முகம் சுளித்தான். அண்ணன் அந்தக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டே உள்ளே நுழைந்தார். இப்படியே விட்டால் இவரை எதையும் தொட விடமாட்டார்கள் என்று தெரிந்தது. நான் முன்னால் ஓடி, கவுண்டரில் நின்ற பையனிடம், சார் சென்னையிலிருந்து வந்திருக்கிறார், சினிமாவில் வாசிக்கிறவர், கூட்டம் கூட்டிவிடாதீர்கள் என்று ஹிந்தியில் குசுகுசுத்தேன். சட்டையில் கௌசிக் என்று பெயர் குத்தியிருந்த அந்தப் பையன் மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பையன், பளிச்சென்று தமிழுக்கு மாறினான்.

"எந்தப் படம்?"

"இன்னும் வெளிவரல. பேரச் சொன்னா எங்க மேல கேஸ் போட்டுருவாங்க, கான்ட்ராக்ட் இருக்குல்லா."

நாற்காலி வந்தது. மைனிக்கு ஐஸ் தண்ணீர் பாட்டில் வந்தது, மைனி தொடவில்லை. கறுப்பாகப் பளபளக்கிற கித்தார் வந்தது. அண்ணன் அதன் முதுகைத் தட்டினார், விலாவைத் தட்டினார், ஓட்டைக்குள் மூக்கை விட்டு மோந்தார். பெரிய கலைஞர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று கௌசிக் கைகட்டி நின்றான். அண்ணன் பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் தீப்பெட்டியைத் துழாவ ஆரம்பித்ததும் கட்டிய கை அவிழ்ந்துவிட்டது. நான் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

பிறகு அண்ணன் வாசித்தார். மழைக்காலத்தில் டியூப்லைட் போட்ட மாதிரி கடை முழுக்கப் பளீரென்று ஆனது. வயலின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் கேட்டிருந்தால் அனல் என்று கையைத் தட்டியிருப்பார். அண்ணன் மைனியைப் பார்த்தார். மைனியின் கை அவரை அறியாமல் கழுத்துக் கோட்டுக்குப் போயிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மைனி.

எங்கள் ஆட்கள் நல்லா இருக்கு என்றால் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். நல்லாத்தான் இருக்கு என்றால் எழுந்து போகலாம் என்று அர்த்தம். பெண் பார்க்கப் போன வீட்டில் பொண்ணு நல்லாத்தான் இருக்கா என்று யாராவது சொன்னால், அந்தச் சம்பந்தம் காப்பி டம்ளரோடு கழுவப்பட்டுவிடும். அண்ணன் கித்தாரை மெதுவாக ஸ்டாண்டில் வைத்தார். வெளியே வந்து, மழையில் நிறுத்தியிருந்த யாருடைய ஸ்கூட்டரையோ தட்டிக்கொண்டு நின்றார்.

கௌசிக் பின்னாலேயே குடையோடு வந்தான். சினிமாக்காரரை விட மனசில்லை என்று நினைத்தேன்.

"சென்னைக்காரா யாரும் 'இருக்குல்லா'ன்னு இழுக்க மாட்டா" என்றான் என்னிடம். "ஆனா ரீல் நன்னா இருந்தது."

அண்ணனிடம் மட்டும் மரியாதை குறையவில்லை. சத்தம் கொஞ்சம் தணிந்து வேண்டுமா சார் என்று அவனாகவே கேட்டான். அண்ணன் முதலில் இல்லை என்றார், பிறகு ஆமாம் என்றார். சீத்தா கேம்பில் தௌசீப் என்று ஒருத்தர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், வெளிநாடு போன ஒரு பையன் விட்டுப்போன பழைய கார்பன் கித்தார் அவரிடம் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொல்லி வழியும் சொன்னான்.

அடுத்த லீவு நாளில் சயானில் பஸ் ஏறினோம். அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடம் கிடைத்து உட்கார்ந்ததும் எழுந்தார், எழுந்தால் ஜன்னலைத் தட்டினார். செம்பூரில் பஸ் மாறும்போது திரும்பிப் போகிற பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார். இதுவும் பளீரென்று இருந்தால் என்ன செய்வது, பேசாமல் வீட்டுக்குப் போவோம் என்றார். கித்தார் இல்லாமல் சபை நடக்காதா, ஸ்டெர்லினின் கீபோர்டிலேயே கித்தார் சத்தம் வருகிறதே என்றார். மைனி அவர் சட்டையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தார்.

"நான் கேட்டனா கித்தார்? நீங்கதான தேடுதிய. தேடுதவங்க எதுக்குப் பயந்து சாவுதிய?"

அண்ணன் ரோட்டோரக் கம்பியைத் தட்டினார். எதற்குப் பயம் என்று எனக்குத் தெரியும். மைனிக்கும் தெரிந்துதான் இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

தௌசீப் பாயின் கடை அவர் வீட்டின் முன்னறை. ஆர்மோனியப் பெட்டிகளும் ஸ்பீக்கர்களும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. உள்ளறை வாசலில் அவர் மனைவி பரீஹா அக்கா மைக் வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பாய் கித்தாரை எடுத்தார். பளபளப்பெல்லாம் போய் மங்கல் கறுப்பு, ஒரு மூலையில் சில்லு பெயர்ந்து அடைத்திருந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு மக் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினார். அண்ணன் பதறி எழுந்துவிட்டார்.

"பயப்படாதீங்கண்ணே. மழையில நனைச்சா பொண்டாட்டி கோவிச்சுக்குவா, இது கோவிச்சுக்காது."

"கேக்குது" என்றார் பரீஹா அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

பாய் துணியால் ஒரு துடை துடைத்துக் கொடுத்தார். அண்ணன் தட்டினார். காதைச் சாய்த்தார். மறுபடி தட்டினார். வழக்கமாக ஒரு நொடிதான், இந்தத் தடவை காது அப்படியே நின்றது.

"ஜாதி தெரியல" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பக்கெட் மூடி என்றாவது சொல்லாமல் இருந்தாரே என்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வாசித்தபோது, தாதர் கித்தார் அளவுக்குப் பளீர் இல்லையே தவிர, இதுவும் விறைப்பாகத்தான் பேசியது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி. பாய் நரம்பை மாற்றினார், கொஞ்சம் தடித்த நரம்பாகப் போட்டார், ஓட்டைக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தார். அண்ணன் வாசிப்பார், எழுந்து மழையில் சந்து முனை வரை போவார், திரும்பி வந்து வாசிப்பார், கழுத்தைச் சொறிவார். மைனி ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இனி ஒரு தடவை வெளியே போனால் இவர் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் மைனி சொன்னார்:

"நம்ம பழசுல நரம்ப இம்புட்டு முறுக்க மாட்டியளே."

அண்ணன் நின்றார்.

விஷயம் இதுதான். பழைய கித்தாரின் கழுத்து வளைந்து போனதால், நரம்பை முழுக்க முறுக்கினால் ஒடிந்துவிடும் என்று அண்ணன் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். அவரே மறந்துபோகிற அளவுக்கு மெதுவாக. வீட்டுக்குள் கேட்ட அந்தத் தாழ்ந்த சத்தம் மரத்தால் வந்ததில்லை. கித்தாருக்கு முதுகு வலி, அதனால் குனிந்து பேசியது. மைனியின் குரலும் கீழே இறங்கி வந்தபோது இரண்டும் ஒரே உயரத்தில் சந்தித்திருக்கின்றன. இந்தக் கரிக் கித்தாருக்கு வலியே கிடையாது, எவ்வளவு முறுக்கினாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். நாமாகத்தான் உட்காரச் சொல்ல வேண்டும்.

அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொரு முறுக்காணியாகத் தளர்த்த ஆரம்பித்தார். பாய் சுதி பார்க்கிற சின்ன மெஷினை கித்தார் தலையில் மாட்டியிருந்தார், அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. போதும் அண்ணே, சுதியை விட்டு எங்கேயோ போய்விட்டீர்கள் என்றார். அண்ணன் மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இன்னும் தளர்த்தினார். கண் மைனி மேல் இருந்தது. பிறகு கட்டைவிரலின் சதையால் மேல் நரம்பை ஒரு தடவு தடவினார்.

அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தில் சூடு இருக்குமே, அப்படி ஒரு சத்தம் அறையில் நின்றது. பரீஹா அக்கா ஈயம் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார்.

மைனி தொண்டையைச் செருமினார். விருந்தாளி ஆயிற்றே என்று பரீஹா அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து ஜில்லென்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். மைனி தலையசைத்தார்.

"குளிர்ச்சி ஆகாதுக்கா. வெதுவெதுப்பா இருந்தாப் போதும்."

சொன்ன பிறகுதான் மைனிக்கு உறைத்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கூரையை முட்டிய ஆர்மோனியத்தைப் பார்த்தார். தௌசீப் பாய், தண்ணீரில் என்ன தப்பு என்று எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் முதலில் வெடித்தேன். அடுத்து மைனி. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார், இந்தத் தடவை பொத்த நேரம் கிடைக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து, தடியாக, கரகரவென்று வந்தது சிரிப்பு. அண்ணனின் விரல் நரம்பிலேயே இருந்தது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் நரம்பைத் தட்டினார். மறுபடி தட்டினார். சிரிப்பு தேய்ந்து தேய்ந்து, எங்கே முடிந்து எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல், பாட்டாக மாறிவிட்டது.

நாங்கள் சாவு வீட்டிலும் பாடுகிற, கல்யாண வீட்டிலும் பாடுகிற ஒரு பாட்டு. மைனி அதை ஒரு சரணம் பாடினார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை நாள் கேட்டதைச் சுவர் இல்லாமல் கேட்டேன். சுதி மெஷினை அமுக்கி அமுக்கி அணைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் பாய் மெல்லிய குரலில், அப்ப வேற கித்தாரும் பாக்கணுமாண்ணே என்று கேட்டார். அண்ணன் மைனியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார் மைனி. இதில் 'தான்' இல்லை.

பேரம் பேசிய கதையை விட்டுவிடுகிறேன், இரண்டு பக்கமும் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை. திரும்பி வரும்போது கொட்டிய மழையில் அண்ணன் கித்தாருக்குக் குடை பிடிக்கவில்லை, மைனிக்குப் பிடித்தார்.

எங்கள் சபையில் புது பைக்கானாலும் புது மிக்ஸியானாலும் பாஸ்டர் ஜெபித்த பிறகுதான் எடுப்போம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கித்தாரை முன்னால் கொண்டுபோனார். கடைசியில் எப்படிப்பட்டது வாங்கினீர்கள் என்று பாஸ்டர் கேட்டார். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டார்.

"வெதுவெதுப்பானது, பாஸ்டர்" என்றார் அண்ணன்.

பாஸ்டர் கண்ணை மூடினார், ஏதோ சொல்ல வாயெடுத்து, தேடி, கடைசியில் இந்தக் கருவியும் இதை வாசிக்கிறவரும் நீடித்திருக்கட்டும் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். அண்ணன் ஸ்டெர்லின் அண்ணனின் காதில் எதையோ சொன்னார். ஸ்டெர்லின் அண்ணன் முகத்தைச் சுளித்தார், மைனி பக்கம் ஒரு பார்வை பார்த்தார், பிறகு கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி அமுக்கி சுதியைக் கீழே இறக்கினார். பாட்டு ஆரம்பித்ததும், இதென்ன தூங்குகிற மாதிரி என்று சாஜனின் அம்மா முணுமுணுத்தார். அவருக்குக் கூரையைத் துளைக்காமல் பாடிப் பழக்கமில்லை.

நான் பின்பெஞ்சில், மைனியின் முதுகுக்குப் பின்னால், குனிந்திருந்தேன். முதல் சரணம் கேட்டேன். கித்தார் இருந்தது. இரண்டாம் சரணத்தில், அதற்கு அடியில், தடியாக, கரகரப்பாக, சந்தேகமே இல்லாமல் அது இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

பையிலிருந்து ஊக்கை எடுத்து, மைனியின் முந்தியையும் சாஜனின் அம்மா முந்தியையும் சேர்த்துக் குத்தினேன்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாஜனின் அம்மா வலது பக்கம் சாய, மைனி இடது பக்கம் சாய, இரண்டு சேலையும் நடுவில் இழுத்துக்கொண்டு நின்றன. பாஸ்டர் பிரசங்கத்துக்கு மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜெஸி மைனி திரும்பவே இல்லை.

"ஏட்டி ஷைனி" என்றார்.

மைக் இல்லாமலே வாசல் வரைக்கும் கேட்டது.